ஜீனோம் படித்தாயிற்று, பரிசோதனை எங்கே?

ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ எழுத்து வரிசை, சேமிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் அதை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்தது. இருபது ஆய்வு நிறுவனங்கள் நாடு முழுக்க ரத்தம் சேகரித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்த முதல் கட்டுரை, 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரிடம் 18 கோடி மரபணு வேறுபாடுகளைக் கண்டதாகச் சொன்னது.

எனக்கும் சந்தோஷம்தான். சென்னையில் ஒரு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இந்தியத் தரவு இல்லாமல் திண்டாடுகிறவர்களில் முதல் வரிசை எங்களுடையது. ஆனால் கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு படித்ததிலிருந்து, திருச்சுழிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சில நூறு ரூபாய்க்குச் செய்யக்கூடிய பரிசோதனை எத்தனை வந்திருக்கிறது? பெரிய படிப்பு சின்னப் பரிசோதனையில் போய் முடிய வேண்டும் என்பது என் கட்சி. அதில் முடியாத வரை இது ஆராய்ச்சியாளர்களின் சந்தோஷம் மட்டுமே.

தொண்ணூறுகளில் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது டிஎன்ஏவை நாங்கள் கண்ணால் படித்தோம். ஃப்ரெடெரிக் சாங்கர் 1977-இல் சொல்லிக்கொடுத்த முறை. கதிரியக்கக் கந்தகம் சேர்த்த டிஎன்ஏவை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஊற்றிய மெல்லிய ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்ட வேண்டும். ராத்திரி முழுக்க எக்ஸ்ரே ஃபிலிமோடு வைத்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு வெளிச்சப் பெட்டியில் ஃபிலிமை வைத்துக் கீழிருந்து மேலாக வாசிப்பு. ஏ, சி, ஜி, டி என்று ஒருத்தி சொல்லச் சொல்ல இன்னொருத்தி நோட்டில் எழுதுவாள். ஒரு ஜெல்லில் இருநூறு, முந்நூறு எழுத்து தேறினால் அன்றைக்குக் கேன்டீனில் கொண்டாட்டம். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

மனித ஜீனோமில் 300 கோடிக்கும் மேல் எழுத்துகள். கதிரியக்கத்துக்குப் பதில் நிறச் சாயம், கண்ணாடித் தட்டுக்குப் பதில் நுண்குழாய் என்று சாங்கர் முறையை எவ்வளவோ வேகப்படுத்தியும், 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் முடிய 2003 ஆயிற்று. செலவு சுமார் 300 கோடி டாலர்.

தோசையை ஒவ்வொன்றாகத்தான் வார்க்க முடியும். கல்லை எத்தனை போட்டாலும் கணக்கு அதுதான். இட்லி ஒரே ஈட்டில் வெந்துவிடும். சாங்கர் முறை தோசை. டிஎன்ஏ படிக்கும் இன்றைய இயந்திரமான சீக்வென்சர் இட்லிக் கொப்பரை, தட்டில் குழிதான் கோடிக்கணக்கில். டிஎன்ஏவைச் சின்னத் துண்டுகளாக்கி ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டவைக்கிறோம். ஒவ்வொரு துண்டும் இருந்த இடத்திலேயே நகலெடுக்கப்பட்டு ஒரு கொத்தாகிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய எழுத்துகள் உள்ளே பாய்கின்றன. ஒரு சுற்றில் ஒரே ஒரு எழுத்துதான் சேரும்படி அவற்றுக்கு ஒரு வேதிப் பூட்டு உண்டு. கேமரா தகடு முழுவதையும் படமெடுக்கிறது. எந்தப் புள்ளி எந்த நிறத்தில் மின்னியதோ, அதுதான் அந்த எழுத்து. பூட்டைக் கழற்றி அடுத்த சுற்று. 150 சுற்று முடிந்தால், தகட்டில் இருக்கும் கோடிக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றிலும் 150 எழுத்துகள் கையில். ஜீனோமின் எந்த மூலையிலிருந்து எந்தத் துண்டு வந்தது என்று கம்ப்யூட்டர் தேடிப் பொருத்தும். ஒரே இடத்தைச் சராசரியாக முப்பது தடவை படித்திருந்தால்தான் நாங்கள் நம்புவோம்.

கேம்பிரிட்ஜ் வேதியியலாளர்கள் ஷங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் கிளெனர்மனும் 1997-இல் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசியதில் பிறந்த யோசனை இது. பாலசுப்ரமணியன் சென்னையில் பிறந்தவர். அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டவர். அவர்கள் தொடங்கிய சொலெக்ஸா கம்பெனி 2005-இல் முதன்முதலாக முழுசாகப் படித்துக் காட்டியது ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸை. 5,386 எழுத்து கொண்ட இதே வைரஸைத்தான் 1977-இல் சாங்கர் குழுவும் படித்தது. இன்றும் எங்கள் கூடத்தில் நோயாளிகளின் மாதிரிகளோடு கொஞ்சம் ஃபை-எக்ஸ் கலந்து ஏற்றுகிறோம், இயந்திரம் ஒழுங்காகப் படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள. சொலெக்ஸாவை 2007-இல் இல்லுமினா வாங்கியது. அந்தக் கம்பெனி 2022-இல் அறிவித்த பெரிய இயந்திரம் ஆண்டுக்கு 20,000 மனித ஜீனோம்கள் படிக்கும், ஒன்றுக்கு 200 டாலர்தான் ஆகும் என்றார்கள். அந்த விலை நம்மூர் நோயாளியின் பில்லுக்கு வந்துசேர்வதில்லை என்பது வேறு கதை.

வேகம் வந்ததும் ஆராய்ச்சியின் போக்கே மாறியது. முன்பு ஒரு அபூர்வ நோயின் மரபணுவைக் கண்டுபிடிக்க, நோய் ஓடும் பெரிய குடும்பங்களைத் தேடிப் பிடித்து வருடக்கணக்கில் குரோமோசோம் குரோமோசோமாகத் துழாவ வேண்டும். 2010-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, மில்லர் சிண்ட்ரோம் என்ற நோயுள்ள நான்கே பேரின் எக்ஸோமைப் படித்துக் காரணமான மரபணுவைச் சொல்லிவிட்டது. எக்ஸோம் என்பது ஜீனோமில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதி. மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. அதற்குப் பிறகு இப்படிக் கண்டுபிடிப்புகள் வந்தபடியே இருக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், படித்ததை எதோடு ஒப்பிடுவது என்பதில். 1997 மார்ச்சில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: ஜீனோம் திட்டத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் தேவை. அப்படி வந்தவர்களில் பெயர் தெரியாத ஒருவரின் டிஎன்ஏவிலிருந்துதான், உலகமே மாதிரியாக வைத்திருந்த ஜீனோமின் ஏறக்குறைய 70 சதவீதம் எழுதப்பட்டது. அந்த மாதிரியிலிருந்து ஒவ்வொரு மனிதரும் நாற்பது, ஐம்பது லட்சம் இடங்களில் மாறுபடுவார்கள். எது நோய், எது சும்மா வித்தியாசம் என்று பிரிக்க, ஆரோக்கியமானவர்களின் ஜீனோம் ஏராளமாக வேண்டும். உலகத் தரவுத்தளங்களில் இருப்பதோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி. அதனால் நம் ஆட்களின் அறிக்கையில் அடிக்கடி ஒரு வரி விழுகிறது: முக்கியத்துவம் தெரியாத மாற்றம். கூடத்தில் சுருக்கமாக வி.யு.எஸ். என்போம்.

இந்த வரியைப் படித்துக்காட்டும் வேலை எவ்வளவு சங்கடமானது என்று இயந்திரம் விற்கிறவர்களுக்குத் தெரியாது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். முதல் குழந்தை பிறந்து சில மாதங்களில் இறந்துவிட்டது. இரண்டாவது வயிற்றில். கூடவே பையனின் அம்மா. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மா கேட்டுவிட்டார்.

“சொந்தத்துல கட்டுனதாலயா மேடம் இப்பிடி ஆச்சு? இவ என் தம்பி மகதான்.”

“அத்தை, மேடம் சொல்லட்டும், நீங்க சும்மா இருங்க” என்றாள் மருமகள்.

இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரே மாற்றம். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம்; உலகத்தில் வேறு யாரிடமும் பதிவாகாத மாற்றம். சொன்னேன். அந்தப் பையன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், அறிக்கையை மேலும் கீழும் புரட்டினார்.

“பிரச்சினைன்னா பிரச்சினைன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க மேடம். தெரியலைன்னு எழுதுறதுக்கா இருபதாயிரம்?”

கேள்வி நியாயமானது. அவர்கள் ஊரில், அவர்கள் சனத்தில் ஆரோக்கியமாக இருக்கும் சில நூறு பேரின் ஜீனோம் எங்களிடம் இருந்திருந்தால், அந்த வரியை ஒரு பக்கமாவது சாய்த்து எழுதியிருக்க முடியும். ஆரோக்கியமான பெரியவர்கள் பலர் அந்த மாற்றத்தை இரண்டு பிரதியாக வைத்துக்கொண்டு நடமாடினால் அது நோயில்லை, அவ்வளவுதான். பத்தாயிரம் ஜீனோமின் முதல் பயன் இதுதான். ஆனால் பழைய அறிக்கைகளைப் புதிய தரவோடு வைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தக் கூடத்தையும் எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. பணம் வாங்கியாயிற்று, காகிதம் கொடுத்தாயிற்று. பெரும்பாலான வி.யு.எஸ். அலமாரியில் அப்படியே கிடக்கிறது.

அந்த அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 திருமணம் சொந்தத்தில். ஆபத்து கூடுகிறது, உண்மை. ஆனால் “நாங்க அசல்லதான் கட்டுனோம்” என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களும் பெரும்பாலும் அதே சாதிக்குள்தான் கட்டியிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அதில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி வந்தவை. இந்த நெருக்கம், மரபியல் பாடப் புத்தகங்கள் உதாரணமாகக் காட்டும் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அதிகம். பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள குழுக்களும் அந்த 81-இல் உண்டு. பத்து லட்சம் பேர் இருந்தாலும் மரபணுக் கணக்கில் ஒரே குடும்பம் மாதிரி. சாதி நமக்குச் செய்த கேடுகளின் பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் இதே கேட்டில் மருத்துவத்துக்கு ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. ஒரு குழுவில் ஒரு நோய்க்கு ஒரே ஒரு மாற்றம்தான் பெரும்பாலும் காரணம் என்றால், அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்க்கும் மலிவான பரிசோதனை போதும். சீக்வென்சர் ஒருமுறை கண்டுபிடித்துக் கொடுத்தால் அதற்குப் பிறகு சீக்வென்சரே வேண்டாம்.

ஆந்திர, தெலங்கானா, தமிழ்நாட்டு அனஸ்தீஸியா டாக்டர்கள் சிலரைக் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பு நோயாளி ஆரிய வைசியரா என்று விசாரிக்கும் பழக்கம் உண்டு. தொண்டையில் குழாய் செருகத் தசையைத் தளர்த்தப் போடும் ஊசி சக்சினைல்கோலின். ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கோலின் என்பார்கள். சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்து மூச்சு திரும்ப வேண்டும். பிசிஎச்இ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இரண்டு பிரதியாக இருப்பவர்களுக்கு அந்த மருந்தைச் சிதைக்கும் என்சைம் இல்லை. மணிக்கணக்கில் தசை எழாது, வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஆரிய வைசியரிடம் இது அதிகம். 2025-இல் ‘செல்’ இதழில் வந்த 2,762 இந்திய ஜீனோம்களின் ஆய்விலும் தெலங்கானாக்காரர்களிடம் இந்த மாற்றம் தனித்துத் தெரிந்தது.

டாக்டர் சாதி கேட்பது அக்கறையால்தான், புரிகிறது. ஆனால் சாதி கேட்பது ஒரு பரிசோதனையா? கலப்புத் திருமணம் செய்தவரின் பிள்ளை என்ன சொல்லும்? வேறு குழுவில் இந்த மாற்றம் இருந்தால் யார் கேட்பார்கள்? காரணமான எழுத்து எது என்று தெரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பிரிவு பார்க்கும்போது எல்லோருக்குமே இதையும் பார்த்துவிட்டால், யாரிடமும் சாதி கேட்க வேண்டியதில்லை. ஜீனோம் ஆராய்ச்சி சாதியை மறுபடி அறிவியலாக்கிவிடும் என்று பயப்படுகிற நண்பர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். ஆராய்ச்சி குழுவாரியாக நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பரிசோதனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். “இந்தச் சாதிக்கு இந்த நோய்” என்று போஸ்டர் ஒட்டுகிற நாள் வந்தால் நான் இந்த வேலையை விட்டுவிடுவேன்.

சின்னப் பரிசோதனையை அவசரப்பட்டு வடிவமைத்தாலும் ஆபத்து. இதற்கு எங்கள் மதுரையிலிருந்தே உதாரணம். 2009-இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸில்’ ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணி; சிசிஎம்பியின் தங்கராஜ் குழுவோடு சேர்ந்து செய்த வேலை. இதயத் தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் எம்ஒய்பிபிசி-3 மரபணுவில் 25 எழுத்து காணாமல் போயிருந்தால், வயதான பிறகு இதயம் செயலிழக்கும் அபாயம் சுமார் ஏழு மடங்கு என்று அது சொன்னது. அந்த 25 எழுத்து இல்லாதவர்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேர். ஐரோப்பியரிடம் தேடினால் கிடைப்பதே இல்லை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பும் இதயநோயும் ஏன் இப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

25 எழுத்துக் குறைவைப் பார்ப்பது சுலபம். சாதாரண பிசிஆர் போதும், ஜெல்லில் கோடு கீழே இறங்கியிருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே செய்யலாம். அன்றே பரிசோதனையைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூற்றுக்கு நான்கு பேர், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு இதய மருத்துவமனை வாசலில். 2018-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த சக்திவேல் சடையப்பனின் குழு, அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் இதே மரபணுவை விரிவாகப் படித்தது. 25 எழுத்து இல்லாதவர்களில் பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இதயம் அளவுக்கு மீறி முறுக்கிக்கொண்டு வேலை செய்யும் ஆரம்ப அறிகுறி, இரண்டும் சேர்ந்தவர்களிடம்தான் தென்பட்டது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி “25 எழுத்து இருக்கிறதா” என்பதோடு நிற்கக் கூடாது. “பக்கத்தில் இன்னொன்றும் மாறியிருக்கிறதா” என்பதும் சேர வேண்டும். இரண்டு கேள்வி, ஒரே குழாய் ரத்தம், அப்போதும் மலிவுதான். எந்த இரண்டைக் கேட்பது என்று சொன்னது முழுப் படிப்பு. அந்த ஒன்பது ஆண்டு வேலை நடக்காமல் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது பயம் மட்டுமே.

மறுபக்கம், எல்லாம் தெரிந்த பிறகும் சும்மா இருப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். சிக்கிள் செல் ரத்தசோகையை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது நம் நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரிடம் கண்டு 1952-இல் எழுதினார்கள். ஒரே ஒரு எழுத்து மாற்றம். சோதிக்கச் சீக்வென்சர் வேண்டாம், ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கரைசலும் போதும். அதை நாடு தழுவிய இயக்கமாக மத்திய அரசு தொடங்கியது 2023 ஜூலையில்: ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது. நடுவில் 71 ஆண்டுகள். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை நடத்தும் அஸ்வினி போன்ற அமைப்புகள் அரசுக்கு முன்பே சோதித்து, மாத்திரை கொடுத்து, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. இயந்திரம் இல்லாததால் தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது. நோய் யாருக்கு என்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சோதித்துவிட்டு, முடிவு எழுதிய அட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதும் சரியில்லை. அட்டையைப் பார்த்து ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம், பையன் வீட்டு அட்டையை யாரும் கேட்காமலே இருக்கலாம். நோயைக் கடத்துகிறவர் நோயாளி ஆகமாட்டார் என்பதை, அந்த வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே, தேவைப்பட்டால் இரண்டு தடவை சொல்ல ஒரு ஆள் வேண்டும். மரபணு ஆலோசகர் என்பது அந்த ஆள். வேலை கொடுப்பதிலும் மருத்துவக் காப்பீடு கொடுப்பதிலும் மரபணுத் தகவலைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008-இலேயே சட்டம் போட்டுவிட்டது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மரபணுத் தகவலைத் தனி ரகமாக வைத்துக் காக்கவில்லை. ரத்தம் கொடுக்கத் தயங்குகிறவர்களைப் பழமைவாதி என்று திட்டுவதற்கு முன்பு இதை யோசிக்க வேண்டும்.

கொரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு சென்னை தேனாம்பேட்டையில் சொந்தமாக ஒரு சீக்வென்சிங் கூடம் திறந்தது. 30,000 எழுத்து வைரஸைப் படிக்கத் தொடங்கியது. மனித ஜீனோம் முழுவதையும் அங்கே படியுங்கள் என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டுக் குழுக்களில் உறுதியாகத் தெரிந்த நோய்க் காரணிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு பட்டியல் போடலாம். 96 பேரின் மாதிரிக்குத் தனித்தனி அடையாளம் ஒட்டி ஒரே ஓட்டத்தில் அதைப் பார்த்துவிட முடியும். தனியார் கூடங்கள் தினமும் செய்கிற வேலைதான். முதலில் ஒரு மாவட்டத்தில், கர்ப்பிணிகள் பதிவு செய்ய வரும் நாளில், விரும்புகிறவர்களுக்கு மட்டும். வி.யு.எஸ். என்று போன அறிக்கைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக் குடும்பத்துக்குத் தகவல் சொல்வதை, அரசாங்கம் தனியார் கூடங்களுக்கும் நிபந்தனையாக்கலாம். செலவு கூடும் என்பார்கள், எங்கள் முதலாளிமார் உட்பட. இருபதாயிரம் வாங்கும்போது அதைச் சேர்த்தே வாங்கட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இரண்டு மரபணு ஆலோசகர் பணியிடம் வேண்டும். நிரந்தரப் பணியிடம், திட்டப் பணம் தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வேண்டாம். ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது. எம்.எஸ்சி. மரபியலும் உயிரித் தொழில்நுட்பமும் முடித்துவிட்டு, மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளை நான் எல்லா ஊரிலும் பார்க்கிறேன். ஒரு வருடப் பயிற்சி கொடுத்தால் அவர்களில் பாதிப் பேர் இந்த வேலைக்குத் தயார்.